கால் ஊன்றாத அக்கா

அக்காவின் கை என் தோளில் வந்து விழுந்தபோது அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. ஜேர்மனியின் பீலெஃபெல்டுக்குக் குடிவந்த புதிது. சந்தியில் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி நின்றேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து தோளைக் கெட்டியாகப் பிடித்தது. திருடன்தான் என்று கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினால், தடித்த ரயர் போட்ட ஒரு ராட்சத மலைச் சைக்கிள். அதற்கு மேலே, வெகு உயரத்தில், தலையில் ஹெல்மெட்டும் உடம்பில் பூப்போட்ட பஞ்சாபிச் சட்டையுமாக ஒரு கட்டையான மனுஷி.

“பயப்பிடாதை பிள்ளை. பச்சை விழுமட்டும்தான்,” என்றார். என் நெற்றிப் பொட்டைப் பார்த்திருக்க வேண்டும். “தமிழ்தானே?”

“ஓம்,” என்றேன்.

“நல்லதாப் போச்சு.” பச்சை விழுந்தது. என் தோளில் ஒரு உந்து உந்திவிட்டு அக்கா போய்விட்டார். நான் தள்ளாடி, பக்கத்தில் நின்ற ஒருவரின் காலை மிதித்து, அவரிடம் மன்னிப்பும் கேட்டேன்.

அக்காவின் சரித்திரம் முழுவதும் இவ்வளவுதான்: அவர் சைக்கிளில் ஏறினால் தரையில் கால் ஊன்றமாட்டார். நிற்க வேண்டி வந்தால் எதையாவது பிடிப்பார். விளக்குக் கம்பம், தபால்பெட்டி, மதில், மரம், மனிதத் தோள், எது கிட்டவோ அது. ஒரு தடவை சந்தியில் நின்ற பொலிஸ் காரின் கூரையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கண்ணாடி இறங்கியது. உள்ளே இருந்த இளம் பொலிஸ்காரன் அண்ணாந்து பார்த்தான். அக்கா குனிந்து, “ஐன் மொமென்ட்,” ஒரு நிமிஷம் என்று, மரியாதையாகச் சொன்னார். விளக்கு மாறியதும் அரசாங்கத்தின் காரை ஒரு உந்து உந்திக்கொண்டு புறப்பட்டார். அதற்கு என்ன சட்டப்பிரிவு என்று அவனுக்கும் தெரிந்திருக்காது.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தச் சைக்கிளின் உயரம். பழைய சாமான் சந்தையில் பனை உயரமான ஒரு ஜேர்மன்காரரிடம் வாங்கியது. சீற்றை அடிமட்டத்துக்கு இறக்கியும் அக்காவின் கால் தரைக்கு எட்டாது; பெடலுக்கு எட்டுவதே முருகன் செயல். விற்றவரே வேண்டாம் என்றாராம். கூடப் போன மகளும், “அம்மா, இது உங்கடை அளவில்லை,” என்றாளாம்.

“சைக்கிளுக்கு என்ன அளவு, அது என்ன சட்டையே?” என்று கேட்டுவிட்டு அக்கா வாங்கிவிட்டார்.

சின்ன வயதில் தகப்பனின் பெரிய சைக்கிளில், தடிக்குள்ளால் கால் விட்டு, ஒரு பக்கமாய்ச் சரிந்து ஓடிப் பழகியவர். சைக்கிள் என்றால் ஆளைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது அவருக்கு அன்றே முடிவான விஷயம். சின்னச் சைக்கிளைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், “அது பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு,” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

வாங்கிய கையோடு அதைக் கோயிலுக்குக் கொண்டுபோனார். எங்கள் ஆட்கள் புதுக் கார் எடுத்தால் செய்வதுபோல அதற்கும் பூசை செய்ய வேண்டும் என்றார். ஐயர் சுற்றிப் பார்த்தார். “உதிலை மோட்டர் ஒண்டும் இல்லையே,” என்றார். “ஓடுறது நான்தானே ஐயா, எனக்குச் சேத்துச் செய்யுங்கோ,” என்றார் அக்கா. ஹாண்டிலுக்குச் சந்தனமும் பூமாலையும். ரயர்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம். செருப்பு வைக்கும் படியில் ஏறி, அங்கிருந்து சீற்றில் தாவி, அக்கா ஒரு மிதி மிதித்தார். கார் என்றால் பழம் நசிந்திருக்கும். இது கட்டை கட்டையாய்ப் புடைத்த ரயர். பழம் நசியாமல் வழுக்கிப் பறந்துபோய் ஐயரின் முழங்காலுக்குக் கீழே எலும்பில் பட்டது. ஐயர் காலைத் தடவிக்கொண்டிருக்க, “கண்ணூறு கழிஞ்சுது,” என்று சொல்லிக்கொண்டே அக்கா வளாகத்தைச் சுற்றினார்.

இவ்வளவு புகழுடைய மனுஷி எங்கள் வீட்டுக்கு நேர் மேல்மாடியில்தான் இருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. கணவர் சாந்தமான மனிதர். “அக்கா எங்கை அண்ணை?” என்று கேட்டால், “மேலை,” என்பார். வீட்டிலா சைக்கிளிலா என்று நாம்தான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

என் டொக்டர் கொழுப்புக் கூடிவிட்டது, உடம்பை அசையுங்கள் என்று சொன்ன செய்தி எப்படியோ மேல்மாடிக்குப் போய்விட்டது. அடுத்த ஞாயிறு காலை கதவில் தட்டல். எனக்கு ஒரு பழைய குட்டைச் சைக்கிள் இருந்தது. சீற்றில் இருந்தபடியே இரண்டு காலையும் வடிவாகத் தரையில் ஊன்றலாம். அதில்தான் எனக்கு நிம்மதி. அக்கா அதைப் பார்த்துவிட்டு, “கதிரைக்குச் சில்லு பூட்டின மாதிரிக் கிடக்கு,” என்றார். நாற்காலிக்குச் சக்கரம் என்ற அந்தக் கேலிக்கு நான் காது கொடுக்கவில்லை.

இந்தப் பகுதி சமதரையும் இல்லை, சரியான மலையும் இல்லை. ஏறி முடிந்தது என்று மூச்சு விட்டால் இறங்கும். இறங்கி முடிந்தது என்று சிரித்தால் ஏறும். நடுவில் மஞ்சள் கடுகு வயல், குதிரை, காடு, பிறகு திடீரென்று ஒரு கிராமம். கறுப்பு மரச்சட்டம் போட்ட வெள்ளை வீடுகள், கதவு நிலைக்கு மேலே செதுக்கிய பொன்னெழுத்துகள், ஒரு கூர்க்கோபுரத் தேவாலயம், அதன் முன்னால் ஒரு கிழட்டு லிண்டன் மரம். நான் இவற்றையெல்லாம் வாய் பிளந்து பார்ப்பேன். அக்கா பார்ப்பது வேறு. அந்த ஊரில் ஏறி இறங்க என்ன வசதி இருக்கிறது என்பதுதான் அவர் கணக்கு. பண்ணை வாசல்களில், முந்திக் காலத்தில் பால் பாத்திரம் வைத்து எடுத்த மர மேடைகள் இருக்கும். இப்போது அவற்றில் பூச்சாடி வைத்திருக்கிறார்கள். அக்கா பூச்சாடியைக் காலால் மெல்ல ஒதுக்கிவிட்டு இறங்குவார். ஊர்களின் பெயர் அவருக்குத் தெரியாது. நல்ல கல்லு ஊர், பூச்சாடி ஊர், நாய் ஊர் என்று சொல்லுவார். நாய் ஊரில் இறங்கவே இடமில்லை. ஒரு சின்ன மதில் இருந்தது, அதன் மேல் நாய் இருந்தது.

ஏற்றத்தில் அக்கா பேசமாட்டார். இறக்கத்தில்தான் கூத்து. “முருகா, முருகா,” என்று கத்திக்கொண்டே காட்டு வேர்களின் மேலால் குதித்துக் குதித்துப் போவார். முதல்நாள், பாவம், பயத்தில் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் பின்னால் விழுந்தடித்துக்கொண்டு இறங்கினேன். கீழே போய்ப் பார்த்தால் ஒரு வேலிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டு நின்றார். உதவிக்குக் கூப்பிடவில்லை. விளையாட வாடா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அன்றுதான் இந்த மனுஷியில் எனக்குப் பிரியம் வந்தது.

அப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில், பனி உருகின ஒரு காலை, எங்கள் குடியிருப்பு வாசலில் உள்ள குட்டை மதிலில் இறங்கும்போது அக்கா சறுக்கிவிட்டார். முழங்கையில் உராய்வு, தொடையில் நீலம், வேறொன்றுமில்லை. ஆனால் மகள் ஆஸ்பத்திரி எலும்புமுறிவுப் பகுதியில் தாதி. நகரின் மறு பக்கத்தில் இருக்கிறவள் காரை எடுத்துக்கொண்டு அன்று பின்னேரமே வந்துவிட்டாள். கறிவேப்பிலை கேட்டு மேலே போன பாவத்துக்கு நான் நடுவில் அகப்பட்டேன்.

“அம்மா, ஒவ்வொரு நாளும் இடுப்பு முறிஞ்ச ஆக்களைத்தான் பாக்கிறன். எல்லாம் உங்கடை வயசுக்காரர். ஒருத்தரும் பேந்து முந்தி மாதிரி நடக்கேல்லை. அந்தச் சைக்கிளைக் குடுத்திடுவம். உங்களுக்கு ஒரு டிரைராட் பாத்து வைச்சிருக்கிறன். பின்னுக்குக் கூடையும் இருக்கு.”

டிரைராட் என்றால் மூன்று சில்லுச் சைக்கிள். அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. “மூண்டு சில்லோ? நான் என்ன ஐஸ்கிறீம் விக்கப்போறனோ?”

“பகிடி விடாதைங்கோ. நான் சீரியஸாக் கதைக்கிறன்.”

“நானும்தான். ஓடேக்கை நான் ஒருநாளும் விழேல்லை. இறங்கேக்கைதானே விழுந்தனான்.”

மகளுக்குப் பொறுமை போய்விட்டது. “அப்ப இறங்காதைங்கோ. நீங்கள் ஞாயிறிலை போற அந்தப் பெரிய சுத்து முழுக்க, காலை ஒரு இடத்திலையும் வைக்காமல் போயிட்டு வாங்கோ பாப்பம். வந்தா நான் பேந்து வாயே திறக்கமாட்டன்.”

கோபத்தில் வந்த வார்த்தை. யாராய் இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள்.

“கால் பட்டால்?” என்று கேட்டார் அக்கா.

“பட்டால் டிரைராட்.”

“சரி. சாட்சிக்கு இவள் வருவாள்,” என்று என்னைக் காட்டினார். கையில் கறிவேப்பிலையோடு நின்ற என்னிடம் ஒருவரும் சம்மதம் கேட்கவில்லை.

ஞாயிறு வந்தது. அக்கா விடிய எழும்பியும் தேத்தண்ணி குடிக்கவில்லை. காரணம் கேட்டேன். “விசரே? வழியிலை ஒண்டுக்குப் போக இறங்க ஏலாதெல்லே,” என்றார். குட்டை மதிலில் நின்று சீற்றில் ஏறினார். மகள் தன் வீட்டிலிருந்தே போன் எடுத்து, “அக்கா, அவ ஏறிட்டாவோ?” என்று என்னைக் கேட்டாள். குரலில் கோபம் ஒன்றுமில்லை. “கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ,” என்றுவிட்டு வைத்தாள். வென்றால் சைக்கிள், தோற்றால் மூன்று சில்லு. விழுந்தால் என்ன என்று நாங்கள் ஒருவரும் பேசவில்லை.

முதல் சோதனை ரயில் கடவையில். தடைக்கம்பம் இறங்கிக் கிடந்தது. அக்கா போய் அதையே பிடித்துக்கொண்டு நின்றார். ரயில் போயிற்று. கம்பம் எழும்பத் தொடங்கியது. அக்காவின் கையும் கூடவே எழும்பியது. “விடுங்கோ அக்கா,” என்று நான் பின்னாலிருந்து கத்த, விட்டு, ஆடி, நெளிந்து, ஒருமாதிரித் தண்டவாளத்தைத் தாண்டிவிட்டார். “நல்ல மரியாதையான கம்பம். எழும்பி நிண்டு வழி விடுகுது,” என்றார்.

பூச்சாடி ஊருக்குள் போனால், ஊரே தெருவில். அவர்களின் திருவிழா. பச்சைச் சட்டைக்காரர் வரிசையாகப் பித்தளை வாத்தியம் ஊதிக்கொண்டு, எங்களுக்கு முன்னால், எறும்பு வேகத்தில் போகிறார்கள். முந்த இடமில்லை. மெதுவாய் ஓடினால் சைக்கிள் சரியும். இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அக்கா இரண்டு தரம் நெளிந்தார். பிறகு கையை நீட்டி, கடைசி வரிசையில் பெரிய ஊதுகுழலைச் சுமந்துகொண்டு போன தடித்த மனுஷனின் தோளைப் பிடித்தார். மனுஷன் திடுக்கிட்டுத் திரும்பினான். வாயில் குழல், பேச ஏலாது. ஊதிக்கொண்டே நடந்தான்.

தெரு முழுக்க அப்படியே போனோம். முன்னால் வாத்தியம், நடுவில் உயரத்தில் அக்கா, பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு நான். சாமி வெளிவீதி சுற்றுவதற்கு இதைவிட என்ன செய்வார்கள்? இரண்டு பக்கமும் சனம் கை தட்டிற்று. கிழவிகள் ஜன்னலில் நின்று கை காட்டினார்கள். அக்கா தலையை மட்டும் ஆட்டி அருள் பாலித்தார். யாரோ ஒரு சின்னக் கிளாசில் சாராயம் நீட்ட, “இறக்கம் கிடக்கு, வேண்டாம்,” என்று தமிழிலேயே சொல்லிவிட்டார். ஊரெல்லை வந்ததும் ஊதுகுழல்காரன் வாயிலிருந்து குழலை எடுத்து, அடுத்த முறையும் வர வேண்டும் என்றான். எனக்குச் சிரிப்பில் நடக்க முடியவில்லை.

அந்தச் சிரிப்பில்தான் நான் கெட்டேன். காட்டு இறக்கத்தில் அக்கா “முருகா” என்று மறைய, நானும் ஆசையில் பிரேக்கை விட்டேன். நல்ல கல்லு ஊரின் தேவாலய முற்றத்துக்குள் இறங்கும் வளைவில் என் கதிரைச் சில்லு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முழங்கால் கிழிந்து, முற்றத்தோரம் இருந்த சின்னக் குளத்தின் கரைச் சேற்றில் இருந்தேன்.

அக்கா முன்னால் போய்விட்டுத் திரும்பி வந்தார். சைக்கிளைச் சரித்தார், வலது கால் பெடலை விட்டுக் கிளம்பியது. இறங்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

“இறங்காதைங்கோ,” என்று கத்தினேன். “எனக்கொண்டுமில்லை. இறங்கினா நான் பேந்து உங்களோடை கதைக்கமாட்டன்.”

கால் திரும்பப் பெடலுக்குப் போயிற்று. அங்கே பிடிக்க ஒரு கம்பமும் இல்லை, லிண்டன் மரத்தைக் கைக்கு எட்டவிடாமல் சுற்றி மரவாங்கு. ஆகவே அக்கா மரத்தைச் சுற்றத் தொடங்கினார். ஒரு சுற்றுக்கு ஒரு வசனம். “காலை நீட்டிப் பார்.” போய்விட்டு வருவார். “விரலை ஆட்டு.” போவார். “நோகுதே?” நான் பதில் சொல்ல முன் மரத்துக்குப் பின்னால் போய்விடுவார்.

பக்கத்துப் பண்ணையிலிருந்து நீலக் காற்சட்டை போட்ட ஒரு வயதான மனிதர் வந்து என்னைத் தூக்கி வாங்கில் இருத்தினார். முழங்காலைத் தண்ணீரால் கழுவி, ஒரு துணியும் கட்டிவிட்டார். பிறகு மரத்தைச் சுற்றும் அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அவர் ஏன் இறங்குகிறார் இல்லை?” என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில் இதை எப்படி விளக்குவது? “மகள்,” என்றேன். “கால் பட்டால் சைக்கிளை எடுத்துவிடுவாள்.”

“ஆ, மகள்,” என்றார் அவர். கொட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தார். “என்னுடையவள் டிராக்டர் சாவியை எடுத்து வைத்திருக்கிறாள்.”

அக்கா அடுத்த சுற்று வந்தபோது அவர் கூடவே ஓடினார். எழுபதைத் தாண்டியிருப்பார். ஊருக்கு வெளியே ஏற்றம் தொடங்கும் இடத்தில் சீற்றுக்குப் பின்னால் கையை வைத்து, முக்கி, ஒரு தள்ளுத் தள்ளிவிட்டார். அக்கா மேலே போகப் போக, தானே போவதுபோல இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுத் தெருவுக்குள் திரும்பும்போது அக்காவின் மிதி மெதுவாகிவிட்டது. கட்டுப்போட்ட முழங்காலோடு பின்னால் மிதித்து வந்த எனக்கே அது தெரிந்தது. குட்டை மதில் மட்டும்தான் மிச்சம். முற்றத்துக்குள் நுழைந்தோம். மதிலை ஒட்டி, முழு நீளத்துக்கும், ஒரு கார் நின்றது. மகளின் கார்.

வேண்டுமென்றே விட்டாளா, அவசரத்தில் விட்டாளா, அந்தக் கணத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. அக்கா முற்றத்தைச் சுற்றத் தொடங்கினார். கூரையைப் பிடிக்கலாம்; ஆனால் பிடித்து என்ன செய்வது, இறங்க இடமில்லை. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. சைக்கிள் இப்போது கோணல்மாணலாய்ப் போயிற்று. அக்காவின் கணவர் மேலே பல்கணியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

படிகளில் தடதடவென்று சத்தம். மகள் வீட்டுச் செருப்போடு ஓடிவந்தாள். கண் சிவந்திருந்தது. காலையில் போன் வைத்ததிலிருந்து வேலை ஒன்றும் ஓடாமல், மத்தியானமே இங்கே வந்து பல்கணியில் நின்றிருக்கிறாள். காரை எங்கே விட்டாள் என்றுகூட அவளுக்கு நினைவில்லை.

“கால் பட்டதோ அக்கா?” என்று என்னைக் கேட்டாள்.

“படேல்லை,” என்றேன். “கம்பம் எழும்பியும் படேல்லை. நான் விழுந்தும் படேல்லை.”

அவள் தாயின் பக்கத்தில் ஓடினாள். தோளைக் காட்டினாள். “பிடியுங்கோ அம்மா.”

அக்கா பிடித்தார். சைக்கிள் நின்றது. பொலிஸ் காரையும் ஊதுகுழல்காரனையும் பிடித்த கை, மகளின் தோளில் நடுங்கிக்கொண்டு கிடந்தது.

“நடுங்குது,” என்றாள் மகள்.

“ஓம், நடுங்குது,” என்றார் அக்கா. அவர் வாயால் அப்படியொன்றை நான் கேட்டது அன்றுதான்.

“விழுந்திடுவியளெண்டு பயந்து செத்துப்போனன்.”

“தெரியும். நானும் பயந்தனான். அதுக்காக இறங்கேலுமே?”

மகள் மூக்கை உறிஞ்சினாள். “நான் இனி வாய் திறக்கமாட்டன். சொன்னது சொன்னதுதான். இப்ப என்ரை தோளைப் பிடிச்சு இறங்குங்கோ.”

அக்கா கீழே தரையைப் பார்த்தார். வெகு தூரத்தில் இருந்தது. பிறகு மகளைப் பார்த்தார். மெல்ல மெல்ல அந்த இறக்கத்துச் சிரிப்பு முகத்தில் ஏறுவதை நான் கண்டேன்.

“பிள்ளை,” என்றார், “ஒருக்காத் தள்ளிவிடன்.”

“அம்மா.”

“ஒரு சுத்து. நீ இருக்கிறாயெல்லே.”

மகள் என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். அவள் ஒரு கையால் ஹாண்டிலையும் மறு கையால் சீற்றையும் பிடித்துத் தள்ளினாள். அக்கா மிதித்தார். ஒரு செருப்பு கழன்று கார் பக்கத்தில் கிடக்க, மகள் ஒற்றைச் செருப்போடு கூடவே ஓடினாள். ஓடிக்கொண்டே சிரித்தாள். தாயின் அதே சிரிப்பு; அதுவரை அதை எங்கே வைத்திருந்தாளோ தெரியாது.

“அம்மா, விடட்டே?” என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

“விடாதை,” என்றார் அக்கா. “விடாதை, விடாதை... சரி, இப்ப விடு.”